டவுன் பஸ், மினி பஸ், டிக்கெட் விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் உள்ளூர்ப் பயணம் குறித்துப் பெரும்பாலானோர் கேட்பது இரண்டுதான்: "எங்கள் ஊருக்கு ஏன் பஸ் வரவில்லை?", "வந்த பஸ்ஸில் ஏன் இவ்வளவு வாங்குகிறார்கள்?" இரண்டுக்கும் பதில் சொல்லத் தொடங்கினால் சாலையின் அகலம், படியின் உயரம், கண்டக்டரின் ஸ்டேஜ் கணக்கு என்று பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அங்கேதான் விஷயமும் இருக்கிறது. ஆகவே அந்த வழியிலேயே பதில்களும் செல்கின்றன.

டவுன் பஸ், புறநகர் பஸ், மினி பஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஒரு நகரத்தை மையமாக வைத்து, அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்த் திரும்புவது டவுன் பஸ். அரசாணைகளில் நகரப் பேருந்து என்பார்கள். ஊர்விட்டு ஊர், மாவட்டம்விட்டு மாவட்டம் போவது புறநகர் பஸ். மொபசல் பஸ் என்றுதான் பஸ் நிலையங்களில் இன்றும் பேச்சு. பெரிய பஸ் எட்டாத குக்கிராமங்களை அருகிலுள்ள பஸ் தடத்தோடு இணைக்கத் தனியாருக்கு அனுமதி கொடுத்து ஓடுவது மினி பஸ்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் வேறுபாடு என்று நினைத்தால் டிக்கெட்டில் ஏமாறுவீர்கள். கட்டணக் கணக்கும் சலுகையும் இதை வைத்தே மாறுகின்றன. ஒரே நிறுத்தத்தில் பத்து நிமிட இடைவெளியில் நிற்கும் இரண்டு பஸ்களில் ஒன்றில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மற்றொன்றில் முழுக் கட்டணம் என்பது அன்றாடக் காட்சி.

அரசு பஸ் என்றால் எல்லாம் ஒரே நிறுவனம்தானா?

இல்லை. எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன. சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம். நெடுந்தூரத்துக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம். விழுப்புரம், சேலம், கோயம்புத்தூர், கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகிய இடங்களைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறு கழகங்கள். 1972-ல் பஸ்கள் அரசுடைமையானபோது பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் தலைவர்களின் பெயர்களும் சேர்ந்தன. அதை ஒட்டிச் சாதி மோதல்கள் மூண்டதால் 1997-ல் எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டன. ஆனாலும் வயதானவர்கள் சிலர் "சேரன் வந்துவிட்டதா?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

புகார் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸின் பக்கவாட்டில் எந்தக் கழகம், எந்தக் கிளை என்று எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் "போக்குவரத்துத் துறைக்கு" என்று எழுதிய மனு நாலு மேசை சுற்றிவிட்டுத்தான் உரிய கிளைக்கு வந்து சேரும்.

ஒரே தூரத்துக்கு ஒரு பஸ்ஸில் குறைவாகவும் இன்னொன்றில் கூடுதலாகவும் வாங்குவது ஏன்?

பெரும்பாலும் போர்டுதான் காரணம். நகரப் பஸ்களிலேயே சாதாரணம், விரைவு, சொகுசு என்று வகைகள் உண்டு. சென்னையில் பல காலமாக வெள்ளைப் போர்டு என்றால் சாதாரணக் கட்டணம் என்பது பழக்கத்தில் ஊறிய அடையாளம். பிற மாவட்டங்களில் பஸ்ஸின் முன்கண்ணாடியில் "சாதாரண கட்டணம்" என்று ஒட்டியிருக்கும். அது இல்லாத பஸ்ஸில் கட்டணம் கூடும். சில நிறுத்தங்களில் மட்டும் நின்று செல்லும் வண்டியானாலும் சரி, சொகுசு என்று பெயர் பெற்று எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும் வண்டியானாலும் சரி. பின்னது மக்களுக்கு எரிச்சல் தருவது நியாயமே. நிற்காமல் போவதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இருக்கையின் மேலுறைக்காகக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

போர்டு ஒன்றாக இருந்தும் விலை வேறாக இருந்தால், அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

"ஸ்டேஜ்" என்று கண்டக்டர் சொல்வது என்ன? நடுவில் ஏறினால் ஏன் முழுக் காசு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பஸ் கட்டணம் நீங்கள் கடந்த மீட்டர்களுக்கான கணக்கன்று. தடத்தைச் சில துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் ஒரு ஸ்டேஜ் வைத்திருக்கிறார்கள். கட்டணம் ஸ்டேஜிலிருந்து ஸ்டேஜுக்கு. இரண்டு ஸ்டேஜுகளுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ நிறுத்தங்கள் இருக்கலாம். அவை ஏறி இறங்குவதற்கு மட்டும், கணக்கில் கிடையாது.

ஒரு தடத்தில் ஆலமரம், ரைஸ்மில், பஸ் நிலையம் மூன்றும் ஸ்டேஜுகள் என்று வைத்துக்கொள்வோம். ஆலமரத்துக்கும் ரைஸ்மில்லுக்கும் நடுவே பள்ளிக்கூடம் என்று ஒரு நிறுத்தம். பள்ளிக்கூடத்தில் ஏறி பஸ் நிலையம் போகிறவருக்கு, கண்டக்டர் ஆலமரத்திலிருந்து டிக்கெட் அடிப்பார். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தில் இறங்கினால் ஆலமரம் வரைக்கும் அடிப்பார். இரு வழியிலும் நீங்கள் உட்காராத தூரத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள். விவரம் தெரிந்தவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ரைஸ்மில்லுக்கு நடந்துபோய் ஏறுவார்கள். காலை நேரத்தில் ஒரு நிறுத்தம் வெறிச்சோடி, அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் நெருக்குவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

கண்டக்டரின் கையிலிருக்கும் டிக்கெட் இயந்திரத்தைக் கவனித்துப் பாருங்கள். வண்டி ஒவ்வொரு ஸ்டேஜைத் தாண்டும்போதும் அவர் ஒரு பொத்தானை அழுத்தி ஸ்டேஜை நகர்த்துவார். கூட்டத்தில் அதை அழுத்த மறந்தால், அடுத்து ஏறுகிறவர்களுக்கெல்லாம் முந்தைய ஸ்டேஜிலிருந்து டிக்கெட் விழும். ஆகவே நேற்று வாங்கியதைவிட இன்று கூடுதலாக இருந்தால் சண்டைக்குப் போகுமுன் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் "ஏறிய இடம்" எது என்று பாருங்கள். நடந்த தவறு அங்கே எழுத்திலேயே இருக்கும். அதைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

புதிதாக ஒரு குடியிருப்போ மருத்துவமனையோ வந்து, நிறைய பேர் ஏறும் இடம் ஸ்டேஜ் அல்லாத நிறுத்தமாகவே இருந்தால், ஸ்டேஜை மாற்றி அமைக்கக் கோரி மனு கொடுக்கலாம். பஸ் வேண்டும் என்று கேட்பவர்கள் ஆயிரம் பேர் என்றால், இதைக் கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம்.

டிக்கெட் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? கடைசியாக எப்போது ஏறியது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67-ன்படி கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. அரசு பஸ், தனியார் பஸ் இரண்டுக்கும் அரசு சொல்வதுதான் வரம்பு. கிளை மேலாளரோ பஸ் முதலாளியோ தம் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

சாதாரணப் புறநகர் பஸ்ஸை எடுத்துக்கொண்டால், 2011 நவம்பரில் கிலோமீட்டருக்கு 28 காசாக இருந்தது 42 காசாகியது. 2018 ஜனவரி 20 அன்று அது 60 காசானது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பல ஊர்களில் மறியல். பத்து நாள் கழியுமுன் 58 காசாகக் குறைத்தார்கள். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் 8 ரூபாய் 40 காசு, 12 ரூபாய் 60 காசு, 17 ரூபாய் 40 காசு என்று வரும். கையில் வாங்கும் டிக்கெட்டில் முழு ரூபாயாக்குவதும் ஸ்டேஜ் கணக்கும் சேர்வதால் ஓரிரு ரூபாய் முன்பின் இருக்கும்.

சாதாரண பஸ்களுக்கு 2025 முடியும்வரை அந்த 2018 அட்டவணையே நீடித்தது. அந்த ஜனவரியில் சென்னையில் டீசல் லிட்டர் 70 ரூபாயைத் தொட்டிருக்கவில்லை. 2021-ல் 90-ஐத் தாண்டிவிட்டது. அண்டை மாநிலங்களில் இதற்கிடையே ஏற்றினார்கள்: கேரளத்தில் 2022 மே முதல் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், கர்நாடகத்தில் 2025 ஜனவரியில் 15 சதவீதம் உயர்வு.

ஆறு ஆண்டுகள் ஏற்றாமல் இருந்து ஒரே இரவில் கிலோமீட்டருக்கு 18 காசு ஏற்றுவதைவிட, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏற்றுவது நல்லது என்பது என் கருத்து. அரசியல்வாதிகள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேர்தல் ஆண்டு என்று ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கிறது.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் எந்தெந்த பஸ்களில்?

2021 மே மாதம் தொடங்கிய திட்டம் இது; விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. அரசுக் கழகங்கள் இயக்கும் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்குத் துணையாக வருபவர் ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். மலைப்பகுதிகளில் நகரப் பஸ் என்ற வகையே இல்லாததால் அங்குள்ள பெண்கள் முதலில் விடுபட்டிருந்தார்கள். 2024-ல் அங்கும் விரிவுபடுத்தப்பட்டது.

புறநகர் பஸ், விரைவு, சொகுசு, குளிர்சாதனப் பஸ் எதிலும் இது கிடையாது. தனியார் டவுன் பஸ்ஸிலும் கிடையாது. கோவை, சேலம், ஈரோடு பக்கம் தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுவதால், வெளியூரிலிருந்து போகிறவர்கள் ஏறிவிட்டுக் குழம்புவார்கள். 2022 ஆகஸ்டில் சென்னையில் கட்டணமில்லாப் பஸ்களுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசத் தொடங்கினார்கள். தூரத்திலிருந்தே தெரிகிறது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது போர்டைவிட உதவி.

காசு இல்லையென்றால் டிக்கெட் மட்டும் எதற்கு?

கழகத்துக்கு அந்தப் பணத்தை அரசு ஈடுகட்டுகிறது. எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்பதற்கு அந்தப் பூஜ்யக் கட்டணச் சீட்டுதான் சான்று. இன்னொரு காரணமும் உண்டு, அதுவே நமக்கு முக்கியம்: உங்கள் தடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற கணக்கு அந்த இயந்திரத்தில்தான் பதிவாகிறது. "இலவசம்தானே, சீட்டு வேண்டாம்" என்று கையை ஆட்டிவிட்டால், அந்த நடையில், அதாவது பஸ்ஸின் அந்த ஓட்டத்தில், ஆளே இல்லை என்று கணக்கு காட்டும். பின்னர் நடையைக் குறைத்தார்கள் என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

குழந்தைகள், மாணவர்கள், முதியவர்களுக்கு என்ன சலுகை?

ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசு பஸ்களில் டிக்கெட் வேண்டாம்; 2022-ல் வந்த மாற்றம் இது. அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமில்லா பஸ் பாஸ் உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடையோ பழைய பாஸோ போதும் என்று அரசு அறிவிக்கும். அந்த நாட்களில் குழந்தையை இறக்கிவிட்டால் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் பாஸ் உண்டு.

சென்னையில் 60 வயது நிரம்பியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் வழங்குகிறார்கள், 2016-ல் தொடங்கியது. தினமும் பல பஸ் மாறுகிறவர்களுக்கு அங்கே மாதம் 1,000 ரூபாய்ப் பாஸ் இருக்கிறது: "விருப்பம்போல் பயணம்". வேலைக்கு ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர் முதலில் தம் மாதச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு அதை வாங்குவது நல்லது. எல்லோருக்கும் அது லாபமில்லை.

டிக்கெட் எடுக்காமல் பரிசோதகரிடம் பிடிபட்டால்?

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 178-ன்படி 500 ரூபாய் வரை அபராதம். அதே பிரிவு கண்டக்டரையும் விடுவதில்லை: காசு வாங்கிவிட்டு டிக்கெட் கொடுக்காவிட்டால் அவருக்கும் தண்டனை. "கொடுத்தேன், அவர் தரவில்லை" என்பது பரிசோதகர் முன்னால் எடுபடாது. காசு கொடுத்த கை, டிக்கெட் வாங்கும்வரை நீட்டியபடியே இருக்கட்டும்.

சில்லறை இல்லை என்றால்?

டிக்கெட்டின் பின்புறம் பாக்கித் தொகையை எழுதித் தருவது வழக்கம். இறங்குமுன் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. பல பஸ்களில் இப்போது யு.பி.ஐ. மூலம் செலுத்தலாம். சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்று" செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க முடிகிறது.

பஸ்ஸில் ஏறும் படி ஏன் இவ்வளவு உயரம்?

நம் பஸ்களில் பெரும்பாலானவை லாரியின் எலும்புக்கூட்டின் மேல் கட்டப்பட்டவை. முன்னால் இஞ்சின், அதிலிருந்து பின்சக்கரம் வரை அடியில் ஓடும் சுழல்தண்டு, இரு பக்கமும் நீளமான இரும்புச் சட்டங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலேதான் தரையைப் போட முடியும். அதனால் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறது. சராசரி உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய இடுப்பளவு. அதை மூன்று படிகளாகப் பிரித்தாலும் முதல் படி உயரமாகவே அமையும். கூடையைத் தலையிலிருந்து இறக்கி முதலில் தளத்தின்மேல் தள்ளிவிட்டு, பிறகு இரு கையாலும் கம்பியைப் பிடித்துத் தம்மையே மேலே இழுத்துக்கொள்ளும் பூக்காரம்மாவை எந்தச் சந்தை நிறுத்தத்திலும் பார்க்கலாம். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றால் அது நல்ல நாள்.

இஞ்சினைப் பின்னால் கொண்டுபோனால் முன்பகுதியிலும் நடுவிலும் தளத்தைத் தாழ்த்தலாம். 650 மில்லிமீட்டர் ஒரு வகை. 400 மில்லிமீட்டர் முழுத் தாழ்தளம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும், உள்ளே படி கிடையாது. சாய்தளப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலி ஏறும். சில வண்டிகள் நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றி ஒரு பக்கமாகச் சற்றுப் பணிந்தும் கொடுக்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருந்தும், இந்த வண்டிகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. சாலை சரியில்லை, வேகத்தடை இடிக்கும், மழைநீர் நிற்கும் என்று காலம் காலமாகச் சொல்லிவந்த காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இடிப்பது வேகத்தடை என்றால் சரிசெய்ய வேண்டியதும் வேகத்தடையைத்தான். அதன் உயரத்துக்கும் விதி இருக்கிறது. ஊருக்கு ஊர் மனம்போல் மேடு கட்டிவிட்டு பஸ்ஸைக் குறை சொல்கிறோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாழ்தளப் பஸ் நிறுத்தத்தை ஒட்டி நின்றால்தான் பயன். நடுச்சாலையில் நின்றால் சாய்தளப் பலகை செங்குத்தாகச் சரிந்துவிடும். நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்றுகொண்டிருக்கும்வரை எந்த வண்டி வாங்கியும் பாதிப் பலன்தான்.

எங்கள் ஊர்ச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய பஸ் வராது என்கிறார்களே?

"நன்றாக இருக்கிறது" என்பதைத் தார் பூசியிருக்கிறது என்ற பொருளில் சொல்கிறோம். பஸ்காரர்கள் அளவைப் பார்க்கிறார்கள். விதிப்படி பஸ்ஸின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர், இரண்டு அச்சு பஸ்ஸின் நீளம் 12 மீட்டர் வரை. கிராமங்களில் போடப்படும் ஒருவழித் தார்ச்சாலையின் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர். எதிரே இன்னொரு பஸ்ஸோ நெல் ஏற்றிய டிராக்டரோ வந்தால் இருவரில் ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். மண் விளிம்பு மழையில் கரைந்திருந்தால் பஸ் சாயும்.

அடுத்தது வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, இரு சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தில் 60 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. வாய்க்கால் பாலம் சாலையைவிடத் திடீரென்று உயர்ந்திருந்தால், முன்சக்கரம் ஏறும்போது அந்த வால் தரையில் உரசும். அதே வால், வளைவில் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும்; தெரு முனைத் திண்ணைகளும் மின்கம்பங்களும் அடிபடுவது அப்படித்தான்.

கடைசியாகப் பார்ப்பது, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்பது. பல ஊர்களுக்கு பஸ் மறுக்கப்படுவதற்கு ஊர்க்கோடியில் திரும்ப இடமில்லாததே காரணம். கோயில் முன்னுள்ள திறந்தவெளியில் திரும்பிக்கொண்டிருந்த பஸ், அங்கே கொடிக்கம்பமோ நிழற்கூடமோ வந்ததும் நின்றுபோவது உண்டு. நிழற்கூடம் கட்டியதால் பஸ் நின்றது என்றால் சிரிப்பு வரும், நடப்பது அதுதான்.

பாதை இப்படி இருந்தால் பெரிய பஸ்ஸுக்காக மல்லுக்கட்டுவதைவிட, ஒன்பது மீட்டர் நடுத்தர பஸ்ஸையோ மினி பஸ்ஸையோ கேட்பது பலன் தரும். சென்னையில் 2013-ல் உட்புறத் தெருக்களுக்காக எஸ் வரிசைச் சிறு பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகமே விட்டது. வண்டி சின்னதானால் இருக்கை குறையும். ஆனால் டிரைவர், கண்டக்டர் சம்பளம் குறையாது. கழகங்கள் சிறு பஸ்களை அதிகம் விரும்பாததன் சூட்சுமம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மலைப்பாதையில் எப்படி அந்தப் பெரிய பஸ் போகிறது?

அது பெரிய பஸ் இல்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. அங்கெல்லாம் சக்கர இடைவெளி குறைந்த, நீளம் குறைந்த வண்டிகளே ஓடுகின்றன. டிரைவரும் மலைப்பாதை பழகியவராக இருக்க வேண்டும். சமவெளி பஸ் ஒன்றை "ஸ்பேர்" என்று மேலே அனுப்ப முடியாததால், மலையில் ஒரு வண்டி பழுதானால் அந்த நடை ரத்து என்றுதான் அர்த்தம்.

மினி பஸ் எங்கள் ஊருக்கு வர வழி உண்டா?

உண்டு. 1997-ல் தொடங்கிய பழைய திட்டம் காலப்போக்கில் படுத்துவிட்டது. குறுகிய தடம், டீசல் விலை, லாபம் இல்லை என்று பெர்மிட்டை ஒப்படைத்தவர்கள் பலர். அதற்குப் பதிலாகப் புதிய விரிவான மினி பஸ் திட்டம் 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்கள். தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் ஏற்கெனவே பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும்.

இந்த 65 சதவீதக் கணக்கில்தான் பல ஊர்களின் விதி அடங்கியிருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து மெயின் ரோடு வரை ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து டவுன் வரை எட்டு கிலோமீட்டர் என்றால், மொத்தம் பதினான்கில் பஸ் ஓடாத பாதை ஆறுதான், 43 சதவீதம். தேறாது. தடத்தை இன்னும் உள்ளே நீட்டி, பஸ் பார்க்காத இரண்டு மூன்று குக்கிராமங்களைச் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டராக்கினால், எட்டோடு சேர்ந்து இருபத்துமூன்று. 65 சதவீதம் தாண்டிவிடும். ஆகவே தனி ஊராகக் கேட்காமல் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு தடம் வரைந்து கொடுங்கள்.

மினி பஸ் தனியாருடையது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லாது.

மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

பெர்மிட் சம்பந்தப்பட்டது என்றால் வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அரசு பஸ்ஸின் நேரம், நடை, நிறுத்தம் பற்றியது என்றால் கிளை மேலாளர், அவருக்கு மேல் பொது மேலாளர். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி நகலை இணைத்தால் எடை கூடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும்.

"எங்கள் ஊர் மக்கள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்துள்ளனர்" என்று தொடங்கும் மனுக்களை அதிகாரிகள் கட்டுக் கட்டாகப் பார்த்தவர்கள். அதற்குப் பதிலாக ஒரு வாரம் காலை ஏழு முதல் ஒன்பது வரை நிறுத்தத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எங்கே போனார்கள் என்று எழுதுங்கள். பள்ளி மணி அடிக்கும் நேரம், நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகிறவர்களின் நேரம், சந்தை நாள் இவற்றைக் குறியுங்கள். சாலையின் மிகக் குறுகலான இடத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பஸ் திரும்பும் இடத்தின் புகைப்படத்தையும், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி இருந்தால் அதையும் சேருங்கள். அந்த இடங்களை ஆய்வாளர் எப்படியும் வந்து பார்ப்பார்; நீங்களே காட்டிவிட்டால் மறுப்பதற்கான முதல் காரணம் அவர் கையிலிருந்து போய்விடும்.

முக்கியமாக, புதிய பஸ் கேட்காதீர்கள். இருக்கும் பஸ்ஸை நீட்டிக்கவோ நேரம் மாற்றவோ கேளுங்கள். புதிய பஸ் என்றால் வண்டி, டிரைவர், கண்டக்டர் மூன்றும் வேண்டும். பக்கத்து ஊரோடு திரும்பும் பஸ்ஸை மூன்று கிலோமீட்டர் நீட்டுவதற்குக் கொஞ்சம் டீசலும் பத்து நிமிடமும் போதும்.

ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸைத் திடீரென்று ஏன் நிறுத்துகிறார்கள்?

வசூல் குறைவு என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். அதைவிட அதிகமாக நடப்பது ஆள் பற்றாக்குறை. காலையில் பணிமனையில் ஒரு டிரைவர் வரவில்லை என்றால், எந்த நடையை விடலாம் என்று பார்ப்பார்கள். கூட்டம் குறைந்த, புகார் வராத, கடைக்கோடி ஊரின் நடைதான் முதலில் போகும். இரண்டு வாரம் இப்படி விட்டுவிட்டு ஓடினால் மக்கள் ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் மாறிவிடுவார்கள். அப்புறம் வசூல் உண்மையாகவே குறையும். அதற்கடுத்த மாதம் கணக்கைக் காட்டி நடையை எடுத்துவிடலாம். முதல் நாள் வராதபோதே கிளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நாள், நடை நேரம், தட எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

ஷேர் ஆட்டோவில் போனால் என்ன?

வசதிதான், கையைக் காட்டிய இடத்தில் நிற்கும். ஆனால் தலைக்குத் தனித்தனியாகக் காசு வாங்கி வழியெல்லாம் ஏற்றி இறக்குவது, சட்டப்படி நிலைப்பேருந்து அனுமதி பெற்ற வண்டிக்கு மட்டும் உரியது. அந்த அனுமதி இல்லாத வண்டியில், அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் நீட்டும் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும்.

மின்சார பஸ் உள்ளூர்த் தடத்துக்கு ஏற்றதா?

நகரத்துக்கு மிகவும் ஏற்றது. நின்று நின்று போகும் தடத்தில் டீசல் வண்டி எண்ணெயை வீணாக்கும். மின்சார வண்டியோ பிரேக் பிடிக்கும்போது சிறிது மின்சாரத்தைத் திரும்பப் பெறும். சுழல்தண்டுத் தொல்லை இல்லாததால் தளத்தையும் தாழ்த்தலாம். 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து இவை ஓடத் தொடங்கின. அங்கே வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்துடையவை, கண்டக்டர் கழகத்தவர், நிறுவனத்துக்குப் பணம் கிலோமீட்டர் கணக்கில். டிக்கெட் வசூல் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கிலோமீட்டர் பணம் போய்க்கொண்டிருக்கும்.

குக்கிராமத் தடத்துக்கு இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம். இரவில் ஊரிலேயே தங்கி விடியற்காலை முதல் நடையாகப் புறப்படும் பஸ்ஸுக்கு, அந்த ஊரில் சார்ஜ் போட இடம் வேண்டும். அதற்கான மின்மாற்றியை யார் வைப்பது என்ற கேள்விக்குப் பதில் வரும்வரை, அந்த ஐந்து மணி பஸ் டீசலில்தான் உறுமிக்கொண்டு கிளம்பும்.